ஆடிக் காற்றில் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை

ஆடி மாதத்தில் கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஒரே நாளில் சைக்கிளில் போய், இரவு அங்கே தங்கி, மறுநாள் அதே சாலையில் திரும்பிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ 130 கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாத பூமி, மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் ஆறரை மணி நேரம், ஓய்வையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம் என்று கணக்கும் போட்டிருக்கிறீர்கள். போகிற நாளைப் பொறுத்தவரை உங்கள் கணக்கு பலித்துவிடும். அதைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை. திரும்புகிற நாளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. கும்பகோணத்துக்காரனான நான் இந்தச் சாலையில் பல ஆண்டுகளாக மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லணை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பூம்புகார் கடற்கரையிலேயே இருக்கிறது. அந்த 60 மீட்டரும் 130 கிலோமீட்டருக்குப் பரவிக் கிடப்பதால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம்கூடத் தேறாது. காவிரிக்கு அது போதும், சைக்கிளுக்குப் போதாது. ஆகவே டெல்டாவில் ஏற்றம், இறக்கம் என்று ஏதாவது உண்டென்றால் அது காற்றுதான். மலைப்பாதையில் ஏற்றம் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று வரைபடம் சொல்லிவிடும். இங்கே அதே சாலை காலை ஏழு மணிக்குச் சமதளமாகவும் பதினோரு மணிக்குக் கொல்லிமலையாகவும் இருக்கும். தூரத்தை வைத்துத் திட்டம் போடாமல் திசையையும் நேரத்தையும் வைத்துத் திட்டம் போடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனி, ஆடி மாதங்களில் இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் போக்கும் பிடிபடும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்த மலைச்சுவரில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வாசல். மழையை மேற்கே இறக்கிவைத்துவிட்ட காற்று அந்த வாசல் வழியாகப் பிதுங்கி, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கரூர், திருச்சி வழியாகக் காவிரிப் படுகையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே கடலை நோக்கி ஓடுகிறது. நீங்கள் போக நினைக்கும் கல்லணை–பூம்புகார் சாலையும், அதாவது 22 ஆம் எண் மாநில நெடுஞ்சாலையும், ஏறக்குறைய அதே திசையில்தான் செல்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. கட்சிக் கொடிக்கம்பங்களில் கொடிகள் எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் கிழக்கே விறைத்து நிற்பதையும், தென்னை மட்டைகள் ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமுடி மாதிரி கிடப்பதையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

இனி எதிர்காற்றின் கணக்கு. காற்று நம்மைத் தடுக்கும் விசை, காற்றை நாம் எதிர்கொள்ளும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 20 கிலோமீட்டர் காற்றைத்தான் எதிர்கொள்கிறார். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போதும் அதே வேகத்தில் போக நினைத்தால் அவர் எதிர்கொள்வது 40. காற்றின் தடை நான்கு மடங்கு. நம்மில் எவருக்கும் அவ்வளவு பலம் கிடையாது என்பதால் வேகம்தான் விழும். மூட்டையோடு பயணம் போகும் ஒருவரின் எடையையும் உடல் நிமிர்ந்த நிலையையும் வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கில், காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகம் தரும் அதே உழைப்பு, எதிர்காற்றில் 11 கிலோமீட்டர் வேகத்தையும் பின்காற்றில் 31 கிலோமீட்டர் வேகத்தையும் தருகிறது. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடாகிவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 60 கிலோமீட்டர் போய் 60 கிலோமீட்டர் திரும்ப, காற்றில்லாத நாளில் ஆறு மணி நேரம் ஆகும். மேற்சொன்ன காற்றில் போவதற்கு இரண்டு மணி நேரமும் திரும்புவதற்கு ஐந்தரை மணி நேரமும் ஆகும். காற்று கொடுப்பது ஒரு மணி நேரம், பிடுங்கிக்கொள்வது இரண்டரை மணி நேரம். கந்துவட்டிக்காரர்களே பரவாயில்லை.

வானிலைச் செயலிகளில் வரும் காற்றின் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அதைவிடக் குறைவாகத்தான் அடிக்கும். இரு பக்கமும் தோப்பு இருந்தால் பாதிகூட இருக்காது. திறந்த வயலுக்கு நடுவே அப்படிச் சலுகை எதையும் எதிர்பார்க்க முடியாது. கல்லணையிலிருந்து கும்பகோணம் வரை சாலை ஆற்றை ஒட்டியே வருவதால் மூங்கிலும் வாழையும் தென்னையும் ஓரளவுக்குத் தடுத்துக் கொடுக்கின்றன. நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று தெற்கே போகிற சாலைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். வேதாரண்யத்தை நெருங்கினால் உப்பளம், மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, முன்பு நிழலாக இருந்த சில இடங்களும் வெட்டவெளியாகிவிட்டன. கோடியக்கரை வரை போகலாமா என்று யாராவது ஆடியில் கேட்டால் நான் தலையசைப்பதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் தரை குளிரும்போது தரையை ஒட்டிய காற்று கனத்துப்போய் அப்படியே படிந்துவிடுகிறது. பருவக்காற்று அதன் தலைக்கு மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. வெயில் ஏறித் தரை சூடாகி, கீழ்க்காற்று மேலே கிளம்பும்போது மேலே ஓடிய வேகம் கீழே இறங்குகிறது. காலை ஒன்பது மணிக்கு மேல் இது தொடங்கும். பதினொன்றிலிருந்து நாலு மணி வரை உச்சம். பொழுது சாய்ந்தால் தணியும். ஆகவே மேற்கு நோக்கிப் போகிறவருக்கு நாள் என்பது விடியற்காலை நாலரையிலிருந்து ஒன்பது வரைதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆடி மாதம், மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, காலைப் பந்தியையும் விடாமல் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்குக் கும்பகோணத்துக்குச் சைக்கிளில் கிளம்பினேன். 35 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம் என்று எண்ணம். குத்தாலத்தை எட்டுவதற்குள்ளேயே தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி மூன்று எட்டுக்குள் நின்றுவிடுகிறது. சமதளத்தில் பிரேக் பிடிக்காமல் சைக்கிள் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு டீக்கடை வாசலில் இறங்கியபோது, பின் கேரியரில் உர மூட்டையை வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்த பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க தம்பி போறீங்க?” என்றார். கும்பகோணம் என்றேன். “மிதிச்சா போறீங்க? ஆடியில பத்து மணிக்கு மேல மேக்க போறவன் சைக்கிள்ல ஏறவே மாட்டான் தம்பி. உருட்டிக்கிட்டுப் போங்க, இல்லாட்டி சாயங்காலம் போங்க” என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் அவர் பேச்சைக் கேட்காமல் மிதித்தே தீருவேன் என்று போய், நாலரை மணி நேரம் கழித்து வீடு சேர்ந்தேன். அவர் மூட்டையை உருட்டிக்கொண்டு எனக்குச் சற்றுப் பின்னால்தான் வந்துகொண்டிருந்திருப்பார்.

அதனால் நீங்கள் போகும் நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குக் கல்லணையை விட்டுக் கிளம்புங்கள். பின்காற்றில் போகிறவர் காற்று எழும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். வெயிலை நினைத்து நான் அதைச் செய்வதில்லை. மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 ஆம் தேதியையொட்டித் திறந்திருந்தால் ஆடியில் காவிரி நிறைந்து ஓடும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிந்து போகிற மதகுகளின் இரைச்சலை அந்த நேரத்தில் வேறு சத்தம் இல்லாமல் கேட்கலாம். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி வழியாகத் திருவையாறு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. இந்தப் பகுதியில் காற்று இன்னும் விழித்திருக்காது. நடவு முடிந்த குறுவை வயலில் பயிர் அசையாமல் நிற்கும். எட்டு மணிக்குத் திருவையாற்றில் சிற்றுண்டி. அசோகா அல்வா சாப்பிடாமல் அந்த ஊரைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யும் அடுத்த இருபது கிலோமீட்டருக்கு நல்ல எரிபொருள்தான். இரண்டாவது தட்டு வாங்காதீர்கள்.

திருவையாற்றுக்கு அப்பால், கணபதி அக்ரஹாரத்தையும் கபிஸ்தலத்தையும் தாண்டும் நேரத்தில் காற்று உங்களைப் பிடிக்கும். அதை முதலில் காதுதான் உணரும். அதுவரை காதோரம் இரைந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றுபோகும். சங்கிலி பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் கிளுகிளுப்பும், டயர் தார்ச்சாலையில் உரசும் ஓசையும், வயலில் களை எடுக்கிறவர்கள் பேசிக்கொள்வதும்கூடத் தெளிவாகக் கேட்கும். உங்கள் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். சாலையில் கிடந்த ஒரு வைக்கோல் துரும்பு உங்கள் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, முந்தாமலும் பிந்தாமலும், சற்று நேரம் கூடவே உருண்டு வரும். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு டெல்டா தருகிற சுகங்களில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை.

அந்தச் சுகத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது, யாரும் அதிகம் சொல்வதில்லை. வியர்வை ஆறுவதற்கு உடலின் மேல் காற்று பட வேண்டும். பின்காற்றில் காற்றோடு சேர்ந்தே போகும்போது நீங்கள் அசையாத காற்றுக்குள் உட்கார்ந்து மிதிப்பதாகத்தான் ஆகிறது. வியர்வை சொட்டுமே தவிர ஆறாது, உடம்பு கொதிக்கும், வேகமாகப் போகிறோம் என்ற உற்சாகத்தில் தாகம் தெரியாது. எதிர்காற்றில் களைத்தவர் நின்றுவிடுவார், பின்காற்றில் சூடேறியவர் நிற்கமாட்டார். பதினொரு மணிக்கு மேல் அரை மணிக்கு ஒரு முறை இறங்கி, மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகட்டும். அதில் பாதியாவது உப்புப் போட்ட நீர்மோராக இருப்பது நல்லது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசல்களில் கூழும் கிடைக்கும். வெட்கப்படாமல் வாங்கிக் குடியுங்கள்.

பக்கக்காற்றை இந்தச் சாலையில் அவ்வளவாகச் சந்திக்க மாட்டீர்கள். ஆனால் ஆற்றோடு சாலை வளைகிற இடங்களில் பத்து நிமிடத்துக்கு அது வலப்பக்கமோ இடப்பக்கமோ இருந்து அறையும். தோப்பு முடிந்து வயல் தொடங்கும் இடம், பெரிய பேருந்து உங்களைக் கடந்து போகிற நொடி, இந்த இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை. பேருந்து பக்கத்தில் வரும்போது காற்று மறைபட்டு வண்டி ஒரு பக்கம் சாயும். அது தாண்டியதும் மறைப்பு விலகி மறுபக்கம் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவர்தான் விழுவார். தளர்வாகப் பிடித்துச் சாலையின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளியே போனால் தள்ளுவதற்கு இடம் இருக்கும். அணைக்கரைப் பாலத்தைப் பார்க்கலாம் என்று வடக்கே திரும்பினீர்களானால் கொள்ளிடத்தின் மேல் மேற்கிலிருந்து முழுக் காற்றும் பக்கவாட்டில் அடிக்கும், ஆற்று மணலையும் வாரிக்கொண்டு வரும். அங்கே இறங்கித் தள்ளுவதில் எந்த அவமானமும் இல்லை.

கும்பகோணத்தில் பத்தரை மணிக்கு இருந்தால் நல்ல கணக்கு. டிகிரி காப்பியோடு நிறுத்திக்கொண்டு, ஊருக்குள் கோயில் பார்ப்பதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை வரை போக்குவரத்து அதிகம், சாலை குறுகல், காற்று உச்சம். 35 கிலோமீட்டரையும் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுவீர்கள். ஆடுதுறையில் 1922 இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வழியெங்கும் நீங்கள் பார்த்துவந்த குறுவைப் பயிரில் ஒரு பகுதியாவது அந்த ஊரின் பெயர் தாங்கிய ரகமாக இருக்கும். மயிலாடுதுறையில் சாப்பிட்டு, மூன்று மணி வரை கண்ணயருங்கள்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. பைகளைப் பின் கேரியரிலேயே தாழ்வாகக் கட்டுங்கள். முன்சக்கரத்தின் இரு பக்கமும் பை தொங்கினால் பக்கக்காற்றில் அது பாய்மரம். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள டியூப் என்றால் கையடக்கப் பம்பையும் மாற்று டியூபையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பஞ்சர்க் கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் அவர்களுடைய பம்பு பெரும்பாலும் அந்த வால்வுக்குப் பொருந்தாது. கடலோரத்தில் சீமைக்கருவேல முள் உண்டு என்பதால் சாலையை விட்டு இறங்கி ஓய்வெடுக்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நண்பர் ஒருவரும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிப் போனால் பின்னால் வருகிறவருக்குப் பெரிய சலுகை கிடைக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ளலாம். பக்கக்காற்றில் அந்தச் சலுகைக்காகப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போக வேண்டியிருக்கும். எங்கள் சாலைகளின் அகலத்துக்கு அது வேண்டாம். இன்னொன்று, ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் புறப்படாதீர்கள். படித்துறையுள்ள ஊரெல்லாம் சாலையிலேயே இருக்கும், நீங்களும் நகர முடியாது, அவர்களுக்கும் இடைஞ்சல்.

இனி திரும்பும் வழி. மறுநாள் மிதித்தே ஆக வேண்டும் என்றால் விடியற்காலை நாலரைக்குப் பூம்புகாரை விட்டு, ஒன்பது மணிக்குக் கும்பகோணத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை அடுத்த நாள் விடியலுக்கு வையுங்கள். ஒரே நாளில் வேண்டும் என்றால் மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் இருக்கிறது. சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து ஏற்றலாம், பார்சல் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும். காற்றோடுதான் திரும்புவேன் என்பவர் தை மாதம் வரை பொறுக்க வேண்டும். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து மெல்ல வரும், வெயிலும் குறைவு. பூம்புகாரில் தொடங்கிக் கல்லணையில் முடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையிலும் காற்று அதே திசைதான் என்றாலும் மழையையும் புயலையும் நம்பி யாரும் சாலையில் இறங்குவதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து கடைசி 24 கிலோமீட்டரில் கொடிக்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். மேற்குக்காற்று அன்றைக்குச் சற்றுத் தளர்ந்திருந்தால், பிற்பகலில் கடற்காற்று அதை எதிர்த்துக்கொண்டு உள்ளே வரும். மேலையூர்ப் பக்கம் எங்காவது ஒரு கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். அதற்கடுத்த கொடி உங்களைப் பார்த்து ஆடும். முகத்தில் உப்புவாடை அடிக்கும். நாளெல்லாம் பின்னாலிருந்து தள்ளிய காற்றுக்குப் பழகிய கால்களுக்கு இந்தக் கடைசிச் சில கிலோமீட்டர் எரிச்சலாகத்தான் இருக்கும், கியரை இரண்டு குறைத்துப் பொறுமையாகப் போய்ச் சேருங்கள். ஆனால் அப்படிக் கடற்காற்று வந்துவிட்ட நாளில் பூம்புகாரில் தங்கும் திட்டத்தை நான் கைவிட்டுவிடுவேன். கடலைப் பார்த்து, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பினால், அதே கடற்காற்று இருட்டுவதற்குள் மயிலாடுதுறை ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டுவிடும். அது வராமல் மேற்குக்காற்றே கடல் வரை ஓங்கி அடித்தால், அறை எடுத்துத் தங்குங்கள், அல்லது ஒரு குட்டியானை பிடித்துச் சைக்கிளை ஏற்றிவிடுங்கள்.